முதலில் எது அறும்?

"தடிமன் 0.30 மி.மீ., 18 கிலோ தாங்கும்." வெளிநாட்டிலிருந்து வரும் மலிவு விலைத் தூண்டில் நரம்பு உருளைகளில் இந்த மாதிரி வாசகங்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம். இதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. ஒரு பள்ளிக்கூடக் கணக்குப் போதும். 0.30 மி.மீ. விட்டமுள்ள நரம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 0.07 சதுர மில்லிமீட்டர். நன்றாக இழுத்து நீட்டித் தயாரித்த நைலான் இழை, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 80 கிலோ வரை தாங்கும். இரண்டையும் பெருக்கினால் ஐந்தரை, மிஞ்சினால் ஆறு கிலோ. ஒற்றை நைலான் இழை 18 கிலோ தாங்க வேண்டுமென்றால் அதன் தடிமன் அரை மில்லிமீட்டரைத் தாண்டியாக வேண்டும். ஆக, அந்த உருளையில் ஒன்று தடிமன் பொய், இல்லை கிலோ பொய். பெரும்பாலும் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் பொய். லேத் பட்டறையில் வேலை பார்க்கும் நண்பர் இருந்தால் நரம்பை மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், 0.30 என்று போட்டது 0.36 என்று வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பொய் சொல்லும் பொருள் உபயோகமில்லாத பொருள் என்று அர்த்தமில்லை. ஆறு கிலோ தாங்கும் நரம்பு திண்டுக்கல் சமவெளியின் குளங்களுக்குத் தாராளம். எவ்வளவு தாங்கும் என்று தெரிந்து வாங்குகிறோமா, பெட்டியில் போட்டதை நம்பி வாங்குகிறோமா என்பதுதான் விஷயம்.

இந்தப் பக்கத்தில் தூண்டில் என்றால் நெடுங்காலமாக ஒரு மூங்கில் கம்பு, கம்பு நீளத்துக்குக் கூடக் குறைய நரம்பு, மயிலிறகுத் தண்டிலோ நெட்டியிலோ ஒரு தக்கை, ஒரு முள், சிரட்டையில் மண்புழு. அவ்வளவுதான் முதலீடு. இப்போது மழை பெய்து கண்மாய் பெருகிவிட்டால், ஆத்தூர் காமராஜர் அணைப் பக்கமும் அழகாபுரி குடகனாற்றுப் பக்கமும் பழனி வட்டாரத்து அணைப் பக்கமும் பைக்கின் பின்னால் மடக்கு ராடைக் கட்டிக்கொண்டு இளைஞர்கள் போகிறார்கள். ராடு, ரீல், நரம்பு, முள் பெட்டி, ஈயக்குண்டு, ரப்பர் தவளை, தோளில் மாட்டப் பை என்று எல்லாம் சேர்த்து ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குக் கூரியரில் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. அதில் ராடையும் ரீலையும் தைரியமாக வைத்துக்கொள்ளலாம். முள்ளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். நரம்பை யோசிக்க வேண்டும் என்பது என் கட்சி. வாங்குகிறவர்கள் நேர்மாறாகச் செய்கிறார்கள். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது ராடும் ரீலும் என்பதால் காசை அங்கே கொட்டிவிட்டு, இலவசமாக வந்த முள்ளை மாட்டி நீரில் வீசுகிறார்கள்.

காரணம் எளிது. மீன் இழுக்கும் விசை முள், முடிச்சு, நரம்பு, வளையம், ரீல், கம்பு, கை என்று ஒன்றன் பின் ஒன்றாகக் கடந்து வருகிறது. மீனை நெருங்க நெருங்க உறுப்பு சிறுக்கிறது. ஆனால் அது தாங்க வேண்டிய விசை சிறுப்பதில்லை. மில்லிமீட்டர்கூடத் தேறாத கம்பித் துண்டு ஒன்று, அதன் மேல் நுனியில் ஒரு முடிச்சு. முழுப் பாரமும் அங்கேதான்.

முதலில் அந்தப் பாரம் எவ்வளவு என்று பார்ப்போம். நீருக்குள் இருக்கும் மீனுக்கு எடை கிட்டத்தட்ட இல்லை. உடம்புக்குள் இருக்கும் காற்றுப்பை அதன் எடையைச் சமன் செய்துவிடுகிறது. அது இழுப்பது தன் வால் தசையின் பலத்தால் மட்டும். அரைக்கிலோ ஜிலேபி மீன் எவ்வளவு துள்ளினாலும் ஆறு கிலோ நரம்புக்கு அது பெரிய காரியமல்ல. நம் குளத்துத் தூண்டில்காரர்களிடம் நரம்பு அறுவது வேறொரு தருணத்தில்: மதகுச் சுவரின் மேலோ உயர்ந்த கரையிலோ நின்றுகொண்டு கனமான மீனை அப்படியே அந்தரத்தில் தூக்கும்போது. நீரைவிட்டு மேலே வந்த நொடியில் மீனுக்கு முழு எடையும் வந்துவிடுகிறது. வெடுக்கென்று தூக்கினால் அதன் மேல் இன்னொரு மடங்கு. மீன் ஒரு தடவை உடம்பை உதறினால் மேலும் கொஞ்சம். அறுந்ததும் "நரம்பு டூப்ளிகேட்" என்று திட்டுவார்கள். கையில் ஒரு வலைக்கரண்டி இருந்திருந்தால் அதே நரம்பு பிழைத்திருக்கும்.

மீனைவிடப் பெரிய எதிரி இன்னொன்று உண்டு, சீமைக்கருவேலம். வருஷத்தில் பாதி நாள் காய்ந்து கிடக்கும் கண்மாய்க்குள் அது காடாக முளைக்கிறது. தண்ணீர் வந்ததும் மூழ்கி, கிளையும் முள்ளுமாகக் காத்திருக்கிறது. தூண்டில் அதில் மாட்டிக்கொண்டால் மனிதன் தன் முழுப் பலத்தையும் போட்டு இழுக்கிறான். எந்த ஜிலேபியும் அந்த அளவுக்கு இழுக்காது. அப்போது ஏதோ ஒன்று அறுந்தே தீரும். எது அறுவது என்பதை நாம் முன்கூட்டியே முடிவு செய்துவைக்கலாம். வீட்டு மின்சாரத்துக்கு ஃப்யூஸ் மாதிரி, கடைசி ஒன்றரை அடிக்கு மட்டும் மெயின் நரம்பைவிட மெல்லிய நரம்பைக் கட்டினால், போவது ஒரு முள்ளும் ஒன்றரை அடியும். அது இல்லையென்றால் கம்பின் நுனியிலோ ரீலுக்குப் பக்கத்திலோ பழைய சிராய்ப்பு இருக்கும் இடத்தில் அறுந்து, இருபது முப்பது மீட்டர் நைலான் நீரோடு போகும். அது மக்காது. நீர்க்காகமும் கொக்கும் அதில் கால் சிக்கித் தலைகீழாகத் தொங்குவது கருவேல மரக் கிளைகளில் காணக்கூடிய காட்சிதான்.

இனி முள். நல்ல தூண்டில் முள் என்பது உலோகவியலின் ஒரு சின்னப் பரீட்சை. கார்பன் அதிகமுள்ள எஃகுக் கம்பியைத் துண்டாக வெட்டி, நுனியைக் கூர்மையாக்கி, எதிர்முள்ளைச் செதுக்கி, வளைத்து, ஒரு முனையில் கண் வைக்கிறார்கள். இதுவரை அது வெறும் வளைந்த கம்பி, விரலால் நிமிர்த்திவிடலாம். அதைச் சுமார் 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் கல் மாதிரி ஆகிவிடும். ஆனால் அந்த நிலையில் விட்டுவிட்டால் வளையாது, படக்கென்று முறியும். அதனால் மறுபடி முந்நூறு, நானூறு டிகிரி வாக்கில் மிதமாகச் சூடாக்கிக் கொஞ்சம் இறுக்கத்தைத் தளர்த்துவார்கள். இந்த இரண்டாம் சூட்டில்தான் கைத்திறன் இருக்கிறது. சூடு அதிகமாகிவிட்டால் முள் மெத்தென்று ஆகி, பெரிய மீன் இழுத்ததும் நேராகிவிடும். குறைந்தால் முறியும். ஒரே பெட்டிக்குள் இரண்டு ரகமும் கலந்து கிடப்பதுதான் மலிவு முள்ளின் அடையாளம். ஒரு நாள் பிரமாதமாக வேலை செய்த அதே பெட்டி அடுத்த வாரம் காலை வாரும்.

இன்னொரு கோளாறு கண்ணுக்குத் தெரியாதது. துருப்பிடிக்காமலும் பளபளப்பாகவும் இருக்க முள்ளுக்கு நிக்கல் அல்லது வெள்ளீயப் பூச்சு கொடுக்கிறார்கள். பூசுவதற்கு முன் அமிலத்தில் கழுவுவார்கள். பூசும்போது மின்சாரம் பாய்ச்சுவார்கள். இரண்டு வேலையிலும் ஹைட்ரஜன் உண்டாகிறது. அணுக்களிலேயே மிகச் சிறியது ஹைட்ரஜன். அது எஃகுக்குள் சுலபமாகப் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். கடினமாக்கிய எஃகுக்குள் ஹைட்ரஜன் இருந்தால் அது நொறுங்கும் தன்மையைப் பெறுகிறது. தாங்க வேண்டிய பாரத்தில் ஒரு பங்கு வந்தாலே, அதுவும் கொஞ்ச நேரம் கழித்து, திடீரென்று முறியும். இதற்கு வைத்தியமும் தெரிந்ததுதான்: பூச்சு முடிந்த கையோடு சுமார் 200 டிகிரியில் சில மணி நேரம் அடுப்பில் வைத்தால் ஹைட்ரஜன் வெளியேறிவிடும். ஆனால் அடுப்புக்கும் நேரத்துக்கும் காசு வேண்டும். நூறு முள் நூறு ரூபாய் என்று விற்கிறவர் எந்தப் படியைத் தாண்டிக் குதித்திருப்பார் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. பளபளப்பைப் பார்த்து முள் வாங்கக் கூடாது என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். முள்ளின் நுனியைக் கட்டைவிரல் நகத்தின் மேல் சாய்த்து வைத்து, அழுத்தாமல் இழுங்கள். நகத்தில் பிடித்து நின்றால் கூர் சரி. வழுக்கிக்கொண்டு போனால் மீன் வாயிலும் வழுக்கும். அடுத்து, முள்ளின் காம்பைக் கட்டிங் பிளேயரில் கெட்டியாகப் பிடித்து, இன்னொரு பிளேயரால் நுனிப் பக்கத்தைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். விட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்பினால் நல்ல முள். திறந்தபடியே நின்றால் மெத்து. டக்கென்று உடைந்தால் (கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், துண்டு எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது) அந்தப் பெட்டியையே மறந்துவிடலாம். ஒரு பெட்டியிலிருந்து ஐந்தாறு முள்ளைப் பலி கொடுத்தால் மீதியின் யோக்கியதை தெரிந்துவிடும். மெத்தான முள்ளுக்கும் ஒரு இடம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கருவேலங்கிளையில் மாட்டினால் அது நேராகி வெளியே வந்துவிடும், திரும்ப வளைத்துக்கொள்ளலாம். பொடி ஜிலேபியும் கெண்டையும் பிடிக்கிறவருக்கு அது போதும். முறிகிற முள்ளுக்கு எந்த இடமும் இல்லை.

தூண்டில் சாமான் வெளியூரிலிருந்து வருவது நமக்குப் புதிதல்ல. சென்னை மாகாண சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்திய நதிகளில் தூண்டில் போடுவது பற்றி 1873-இல் 'தி ராட் இன் இந்தியா' என்ற புத்தகத்தையும், குளங்களில் போடுவதற்கென்றே 1887-இல் 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா' என்ற தனிப் புத்தகத்தையும் எழுதினார். குளத்து மீனுக்காக ஒரு முழுப் புத்தகம் என்பதே இந்தத் தென்னாட்டுக் கண்மாய்களுக்குக் கிடைத்த மரியாதைதான். அந்தக் காலத்துத் துரைமாருக்கு முள் இங்கிலாந்திலிருந்து வந்தது. ஊசிக்குப் பேர்போன ரெட்டிச் என்ற ஊரே முள்ளுக்கும் பேர்போன ஊர். ஊசி செய்கிறவன்தானே முள்ளும் செய்ய முடியும். பிறகு நார்வே முந்திக்கொண்டது. 1832-இல் தொடங்கிய முஸ்டாட் நிறுவனத்தில், 1877 வாக்கில் மத்தியாஸ் டாப் என்பவர் முள் செய்யும் தானியங்கி இயந்திரத்தை உருவாக்கினார். கையால் செய்த முள்ளின் காலம் அதோடு முடியத் தொடங்கியது. நம்மூர்க் கடைகளில்கூட 'நார்வே முள்' என்று கேட்டு வாங்குகிற பழைய ஆட்கள் இருக்கிறார்கள். இன்றைக்குத் தூண்டில் கம்புக்குப் பேர்போன ஊர் சீனாவின் ஷான்டோங் மாகாணத்து வெய்ஹாய். உலகத்தரம் வாய்ந்த கார்பன் ராடும் அங்கேதான் தயாராகிறது, ஆயிரம் ரூபாய் செட்டும் அந்த நாட்டிலிருந்துதான் வருகிறது. எனவே 'சீனா சாமான்' என்ற ஒற்றைச் சொல்லால் தரத்தைத் தீர்மானிக்க முடியாது. எந்த விலைக்கு எந்தப் படியை வெட்டினார்கள் என்றுதான் பார்க்க வேண்டும்.

நரம்புக்கு வருவோம். நைலானை அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் 1935 பிப்ரவரியில் உருவாக்கினார்கள். அது சந்தைக்கு வந்த ஆரம்ப வருஷங்களிலேயே தூண்டில் நரம்பாகிவிட்டது. அதற்கு இரண்டு விசித்திர குணங்கள். ஒன்று, அது தண்ணீர் குடிக்கும். நனைந்த நைலானின் பலம் பத்து, பதினைந்து சதவீதம் குறைகிறது. உருளையில் போட்டிருப்பது பெரும்பாலும் உலர்ந்த பலம்; நாம் பிடிப்பதோ தண்ணீருக்குள். இரண்டு, முடிச்சைக் கண்டால் அதற்கு ஆகாது. முடிச்சில் நரம்பு மடங்கும் இடத்தில் வெளிப்புறம் விரியும், உள்புறம் நசுங்கும், ஒன்றை ஒன்று அறுக்கும். சும்மா ஒரு சாதாரண முடிச்சுப் போட்டால் பாதிப் பலம் போய்விடும். ஆறு கிலோ நரம்பு நனைந்து ஐந்தாகி, மோசமான முடிச்சில் இரண்டரையாகிறது. இதில் பொய் சொன்ன உருளைக்குப் பங்கே இல்லை. கண்ணுக்குள் நுழைத்து, நரம்பைத் தன்மேலேயே ஐந்தாறு சுற்றுச் சுற்றி, முதல் கண்ணி வழியாகத் திரும்ப நுழைத்து இறுக்கும் முடிச்சைக் கற்றுக்கொள்ள ஐந்து நிமிஷம் போதும். அது பலத்தில் பெரும்பகுதியைக் காப்பாற்றும். இறுக்குவதற்கு முன் முடிச்சை எச்சிலால் நனைக்கும் பழக்கம் பெரியவர்களிடம் உண்டு. அது சகுனம் இல்லை, இயற்பியல். உலர்ந்த நைலான் நைலானோடு வேகமாக உரசினால் சூடாகும். மேல்பரப்பு இளகி வெளுத்துவிடும். ஈரம் அந்தச் சூட்டைத் தடுக்கிறது.

வெயிலும் நைலானுக்குப் பகை. புற ஊதாக் கதிர் அதன் மூலக்கூறுச் சங்கிலியை வெட்டுகிறது. சித்திரை வெயிலில் வண்டியின் சைடு பாக்ஸில் ரீலை வைத்துவிட்டு மாதக்கணக்கில் மறந்துபோகிறவர்கள், அடுத்த ஐப்பசியில் அதே நரம்பைப் போட்டுவிட்டுக் கம்பெனியைத் திட்டக் கூடாது. மலிவு நரம்பில் ஒரு சௌகரியம் இருக்கிறது. வருஷா வருஷம் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் சுற்ற மனசு வரும். ஸ்பிரிங் மாதிரிச் சுருண்டுகொள்ளும் புது நரம்பை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து மெதுவாக இழுத்துவிட்டால் நேராகும்; நனைந்த நைலானின் மூலக்கூறுகள் இடம் மாறிக்கொள்ளத் தயாராக இருக்கின்றன.

பின்னல் நரம்பு வேறு சாதி. மிக நீண்ட பாலிஎத்திலீன் மூலக்கூறுகளை ஒரே திசையில் அடுக்கி எடுத்த இழை அது. அதே தடிமனில் நைலானைப் போல மூன்று மடங்குக்கு மேல் தாங்கும். 0.30-இல் 18 கிலோ என்று ஒரு பின்னல் நரம்பு சொன்னால் அது நிஜமாகவே இருக்கலாம். ஆனால் அது நீளாது. நைலான் அறுவதற்கு முன் தன் நீளத்தில் கால் பங்கு வரை நீண்டு கொடுக்கும். பின்னல் சில சதவீதத்தோடு நின்றுவிடும். வெறும் கம்பில் நேராகக் கட்டிய தூண்டிலில் மீனின் உதறலைத் தாங்குவது அந்த நீட்சிதான். அங்கே பின்னலைக் கட்டினால் அதிர்ச்சி முழுவதும் முள்ளுக்குப் போகும். கம்புத் தூண்டிலுக்கு நைலானே சிறந்தது, விலையும் குறைவு.

அடுத்து ரீல். கடையில் கேட்கும் உரையாடல் ஒன்று அநேகமாக எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கும்:

"அண்ணே, இதுல பன்னெண்டு பேரிங்னு போட்டுருக்கே, நல்லா இருக்கும்ல?"

"தம்பி, கழட்டி எண்ணிப் பார்த்தவன் யாரு? சுத்திப் பாரு, கைக்கு வழவழன்னு இருந்தா எடுத்துக்க."

கடைக்கார அண்ணன் சொல்வது சரி. மலிவு ரீலில் பேரிங் எண்ணிக்கை அலங்காரம். சுழலும் முக்கிய இடங்களில் நாலைந்து நல்ல பேரிங் இருந்தால் பன்னிரண்டு மோசமானவற்றைவிட மேல். கைப்பிடி ஆடுகிறதா, சுற்றும்போது ஏதாவது ஓரிடத்தில் தட்டுகிறதா என்று பார்ப்பது அதைவிடப் பயன்.

ரீலில் உண்மையான அறிவியல் இருப்பது டிராக் என்கிற அமைப்பில். உருளையின் தலையில் இருக்கும் திருகை இறுக்கினால் உள்ளே ஃபெல்ட் அல்லது கார்பன் வட்டுகள் நெருக்கப்படுகின்றன. மீன் ஒரு குறிப்பிட்ட விசைக்கு மேல் இழுத்தால் வட்டுகள் வழுக்கி நரம்பை விட்டுக்கொடுக்கும். நரம்பு அறுவதற்கு முன் விட்டுக்கொடுப்பதுதான் அதன் வேலை. இங்கே மலிவு ரீலின் வண்டவாளம் ஒரு பழைய பாடத்தில் வெளிப்படுகிறது. நின்றுகொண்டிருக்கும் பொருளை நகர்த்தத் தேவையான உராய்வு விசை, நகர்ந்துகொண்டிருக்கும்போது தேவைப்படுவதைவிட அதிகம். நல்ல வட்டில் இந்த வித்தியாசம் மிகக் குறைவு. மட்டமான வட்டில், காய்ந்த ஃபெல்ட்டில், அது பெரிது. மீன் ஓடத் தொடங்கும் அந்த முதல் நொடியில் டிராக் அசையாமல் இருந்து, பிறகு வெட்டி வெட்டி விடும். நரம்பு அறுவது அந்த நொடியில்.

மீன் வியாபாரிகள் வைத்திருக்கும் ஸ்பிரிங் தராசு ஒன்று இருந்தால் இதை வீட்டுத் திண்ணையிலேயே பார்த்துவிடலாம். நரம்பின் நுனியைத் தராசுக் கொக்கியில் கட்டி, ராடை ஒருவர் பிடிக்க, மற்றவர் தராசை மெதுவாக இழுத்துக்கொண்டே நடக்க வேண்டும். தராசின் முள் ஒரே இடத்தில் நிதானமாக நின்றால் ரீல் நல்ல ரீல். மூன்றுக்கு ஏறி ஒன்றுக்கு விழுந்து மறுபடி மூன்றுக்கு ஏறினால் அதை நம்பி மெல்லிய நரம்பு சுற்றக் கூடாது. நரம்பு நிஜத்தில் தாங்கும் அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு டிராக்கை வைப்பது வழக்கம். ஏன் அவ்வளவு குறைவாக என்று கேட்கலாம். மீன் நரம்பை இழுத்துக்கொண்டு போகப் போக உருளையில் சுற்றியிருக்கும் நரம்பு குறைந்து அதன் ஆரம் சுருங்குகிறது. வட்டு கொடுக்கும் முறுக்கு விசை மாறாதபோது, ஆரம் குறைந்தால் நரம்பில் இழுப்பு ஏறும். 25 மி.மீ. ஆரம் 18-ஆகக் குறைந்தாலே, யாரும் திருகைத் தொடாமல், இழுப்பு ஏறக்குறைய 40 சதவீதம் கூடிவிடுகிறது.

ஆயிரம் ரூபாய் செட்டில் வரும் ரீலை நான் ஆதரிப்பதற்கு முக்கியக் காரணம் நாம் இருக்கும் இடம். இணையத்தில் இந்த ரீல்களைக் கிழித்துத் தொங்கவிடுகிறவர்களில் பலர் கடலில் போடுகிறவர்கள். உப்பு நீர் அலுமினியத்தையும் துத்தநாகக் கலவைப் பல்சக்கரத்தையும் பேரிங்கையும் அரித்துவிடும். ராமேஸ்வரத்தில் ஒரு சீசன் தாங்காத ரீல், ஆத்தூர் அணையில் நன்னீரிலேயே வாழ்ந்து பல வருஷம் ஓடும். வாங்கியதும் பக்கத்து மூடியைக் கழற்றி, சைக்கிள் கடைக் கிரீஸைக் கொஞ்சமாகத் தடவிவிட்டால் போதும். நிறைய ரீல்கள் கிரீஸ் இல்லாமலோ, ஒரே மூலையில் கட்டியாக அப்பப்பட்டோதான் வருகின்றன. கருவேலத்தில் மாட்டியதை ரீலின் கைப்பிடியைச் சுற்றி இழுக்க மட்டும் கூடாது. வார்ப்புத் துத்தநாகப் பல் அந்த வேலைக்குப் பிறந்ததல்ல. நரம்பைக் கையில் துணி சுற்றிப் பிடித்து இழுங்கள்.

ராடைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மலிவு ராடில் 'கார்பன்' என்று எழுதியிருந்தாலும் அநேகமாகக் கண்ணாடி இழைதான் இருக்கும். அதனால் குறையில்லை. கண்ணாடி இழை கனம், வளைவு அதிகம், ஆனால் அடி தாங்கும். பைக்கில் கட்டிக்கொண்டு போகிறவருக்கு அதுவே நல்லது. நிஜக் கார்பனா என்று தெரிய ஆசையாக இருந்தால், அடிப்பக்கம் பூச்சைக் கொஞ்சம் சுரண்டிவிட்டு மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் வையுங்கள். கார்பன் மின்சாரம் கடத்தும், கண்ணாடி கடத்தாது. இந்தச் சோதனையில் ராடு தேறிவிட்டால் சந்தோஷப்படுவதோடு பயப்படவும் வேண்டும். நம் கண்மாய்க் கரைகளில் பம்புசெட் மோட்டாருக்குப் போகும் மின்கம்பிகள் தாழ்வாகத் தொங்குகின்றன. அதன் கீழே நீளமான கார்பன் ராடைத் தூக்கி வீசுவது உயிருக்கு உலை. ராடில் பார்க்க வேண்டிய இன்னொன்று நரம்பு ஓடும் வளையங்கள். ஒரு துளிப் பஞ்சை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுழற்றித் தேயுங்கள். பஞ்சு சிக்கினால் அங்கே பிசிறு இருக்கிறது. அந்தப் பிசிறு நரம்பைத் தினமும் சீவும்.

விரால் பிடிக்கிறவர்களுக்கு மேலே சொன்ன தாராளம் எதுவும் பொருந்தாது. விரால் காற்றைச் சுவாசிக்க மேலே வரும் மீன். ஆகாயத்தாமரைக்கும் பாசிக்கும் நடுவே கிடக்கும். ரப்பர் தவளையைப் பாசிமேல் தத்தித் தத்தி இழுத்தால் பாய்ந்து அடிக்கும். அடித்ததும் அதை யோசிக்க விடாமல் பாசியிலிருந்து வெளியே இழுத்தாக வேண்டும். நீளாத பின்னல் நரம்பு, விறைப்பான ராடு, இறுக்கிய டிராக் என்று எல்லா அதிர்ச்சியும் தவளையின் முதுகில் படிந்திருக்கும் இரட்டை முள்ளுக்கே போகும். மலிவுத் தவளையில் முதலில் விரிவது அந்த முள். தவளையின் உடம்பும் சில சமயம் தையல் பிரிந்து நீர் குடித்து மூழ்கும். இன்னொரு வேடிக்கை: வெவ்வேறு பிளாஸ்டிக்கில் செய்த மெத்தென்ற இரைகளை ஒரே பெட்டியில் போட்டுவைத்தால் ஒன்றோடொன்று ஒட்டி, பெட்டியின் அடியையும் உருக்கிவிடும். பிளாஸ்டிக்கை மெத்தென்று ஆக்கக் கலக்கும் எண்ணெய் போன்ற பொருள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கசிவதால் வரும் வினை அது. தவளைக்கு ஒரு சின்னப் பாலிதீன் பை தனியாக வேண்டும். சிவப்புக் குஞ்சுத் திரளுக்கு அடியில் காவல் நிற்கும் விராலைத் தவளை போட்டுப் பிடிக்கிறவர்களிடம் ராடு பற்றிப் பேச எனக்கு இஷ்டமில்லை. தாய் தகப்பன் போனால் அந்தக் குஞ்சுகளைக் கெளுத்தி தின்றுவிடும்.

மீன்பாசி ஏலம் எடுத்த குளத்தில் குத்தகைதாரரைக் கேட்காமல் தூண்டில் போட்டால், எந்த விலை ராடாக இருந்தாலும் பறிபோகும் என்பதைப் புதிதாக வாங்குகிறவர்களுக்கு யாராவது சொல்லிவைப்பது நல்லது.

மிச்சம் ஈயக்குண்டு. செட்டோடு வரும் சின்ன ஈயக்குண்டுகளில் ஒரு பிளவு இருக்கும். நரம்பை உள்ளே வைத்துப் பல்லால் கடித்து மூடுவதுதான் ஊர் வழக்கம். ஈயம் மூளையையும் நரம்பு மண்டலத்தையும் பாதிக்கும் நஞ்சு, குழந்தைகளுக்கு இன்னும் மோசம். தண்ணீரில் உதிர்ந்த ஈயக்குண்டுகளைக் கூழாங்கல் என்று நினைத்து விழுங்கி அன்னப்பறவைகள் செத்ததால் பிரிட்டன் 1987-இலேயே இந்தச் சிறு குண்டுகளின் விற்பனைக்குத் தடை போட்டது. பிளேயரால் மூடுங்கள், பிறகு கையைக் கழுவிவிட்டு மண்புழுவைத் தொடலாம், சோற்றைத் தொடும் முன் கட்டாயம் கழுவ வேண்டும். பழைய பேட்டரி ஈயத்தை வீட்டு அடுப்பில் உருக்கிக் குண்டு வார்க்கும் வேலை அறவே வேண்டாம். ஹார்டுவேர் கடையில் எடை போட்டு வாங்கும் இரும்பு நட்டு ஒன்றை நரம்பில் கோத்தாலே தூண்டில் அடிக்குப் போகிறது. கருவேலத்தில் மாட்டி அறுந்தாலும் போவது இரண்டு ரூபாய், அதுவும் துருப்பிடித்து மண்ணாகிவிடும்.